மின்கிதாரின் மெட்டுகள் தேய்வதேன்?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. எறும்பின் கால் மிக மென்மையானது, கல்லோ கடினமானது. ஆயினும் ஒரே வழியில் நாள்தோறும் ஊர்ந்தால் கல்லிலும் தடம் விழுந்துவிடுகிறது. அவ்வாறிருக்க, எஃகுக் கம்பியை நாள்தோறும் பல்லாயிரம் முறை உலோகத்தின் மேல் அழுத்தித் தேய்க்கும் ஓர் இசைக்கருவியில் தேய்மானம் ஏற்படுவதில் வியப்பென்ன? எலெக்ட்ரிக் கிதார் என்னும் மின்கிதார் அத்தகைய ஒரு கருவியாகும்.

கிதார் கற்கும் மாணவியர் பலர் உள்ளனர். அவர்களுள் சிலர் ஓரிரு ஆண்டுகள் கற்றபின், “எனக்கு வரவில்லை, என் விரலுக்கு வலுவில்லை” என்று சொல்லிக் கருவியை மூலையில் சாய்த்துவிடுகின்றனர். வேறு சில வீடுகளில், “கிதார் கெட்டுவிட்டது, புதிதுதான் வாங்கவேண்டும்” என்ற பேச்சு எழுகிறது. பெற்றோரும் விலையை எண்ணித் தயங்குவர். பாட்டும் அத்துடன் நின்றுவிடும். ஆனால் பல நேரங்களில் குறை விரலிலும் இல்லை, கருவி முழுவதிலும் இல்லை. கால் மில்லிமீட்டர் தேய்ந்துபோன ஒரு சிறு உலோகத் துண்டில்தான் இருக்கிறது. அத்துண்டு யாது, அது ஏன் தேய்கிறது, அதனைச் சரிசெய்வது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மெட்டு என்பது யாது?

கிதாரின் கழுத்தின் மேல் குறுக்கே வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ள உலோகக் கோடுகளை ஆங்கிலத்தில் ஃபிரெட் என்பர். நம் வீணையில் இவற்றுக்கு மெட்டு என்று பெயர். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். மின்கிதாரில் பெரும்பாலும் 21 அல்லது 22 மெட்டுகள் உண்டு. சிலவற்றில் 24 இருக்கும். இவை மெழுகில் அன்றி, மரத்தில் அறுக்கப்பட்ட மெல்லிய பள்ளங்களில் அடித்து இறக்கப்பட்டிருக்கும்.

மெட்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஒரு காளானைப் போன்றது. மேலே வளைவான தொப்பி. கீழே மரத்துக்குள் இறங்கும் தண்டு. தண்டின் இருபுறமும் சிறு முட்கள் போன்ற புடைப்புகள் உண்டு. அவை மரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் தொப்பியின் உயரம் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். ஒரு கிதாரின் நாதம் முழுவதும் இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

நாம் ஒரு கம்பியை விரலால் அழுத்தும்போது அக்கம்பி மெட்டின் உச்சியைத் தொடுகிறது. அந்த இடத்திலிருந்து மறுமுனையில் உள்ள பிரிட்ஜ் வரை உள்ள பகுதி மட்டுமே அதிர்கிறது. அதிரும் நீளம் குறையக் குறைய ஒலி உயர்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் முழுக் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் 324 மில்லிமீட்டர், அதாவது சரிபாதி அதிரும். ஒலியும் ஒரு ஸ்தாயி மேலே செல்லும். ஆகவே மெட்டின் உச்சி எங்கே உள்ளதோ, அங்கேதான் சுருதி பிறக்கிறது. அந்த உச்சி தட்டையானாலோ பள்ளமானாலோ சுருதியும் கெடும்.

வெள்ளி இல்லாத வெள்ளி

பெரும்பாலான மெட்டுகள் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையால் ஆனவை. பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் ஒரு துளி வெள்ளியும் கிடையாது! அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு செம்பு, நூற்றுக்கு 18 பங்கு அளவில் நிக்கல், எஞ்சியது துத்தநாகம். நிக்கல் கலந்ததால் செம்பின் சிவப்பு மறைந்து வெண்மை தோன்றுகிறது. நம் வீடுகளில் குங்குமச் சிமிழாகவும் தட்டாகவும் இருக்கும் ஜெர்மன் சில்வர் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கலவைதான்.

இதனை ஏன் தேர்ந்தெடுத்தனர்? இது எளிதில் துருப்பிடிப்பதில்லை. விரற்பலகையின் வளைவுக்கேற்ப வளைந்து கொடுக்கும். அரத்தால் அராவி மெருகேற்றலாம். ஆனால் கிதாரின் மேல் உள்ள கம்பிகளோ எஃகினால் ஆனவை. மெல்லிய மூன்று கம்பிகள் வெறும் எஃகு. தடித்த மூன்று கம்பிகளில் எஃகு உள்ளிழையின் மேல் நிக்கல் பூசிய மற்றோர் எஃகிழை சுற்றப்பட்டிருக்கும். எஃகு, நிக்கல் சில்வரைவிட மிகவும் கடினமானது. கடினமானதும் மென்மையானதும் உரசினால் மென்மையானது விரைவில் தேய்வது இயற்கை.

தோழியரே, இது வடிவமைத்தவர்களின் குறைபாடு என்று எண்ண வேண்டாம். அம்மியும் குழவியும் தேய்வதால்தான் மசாலை அரைபடுகிறது. அவ்வப்போது அம்மியைக் கொத்தி வைத்துக்கொள்கிறோம். அம்மி தேய்ந்தது என்று தெருவில் எறிவாரில்லை. மெட்டும் அதுபோலத் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்பாகும்.

தேய்வது எவ்வாறு?

தேய்மானம் இரு வகையில் ஏற்படுகிறது. முதலாவது, பள்ளம் விழுதல். கம்பியை அழுத்தும்போதெல்லாம் அது ஒரே இடத்தில் மெட்டைத் தொடுகிறது. நாளடைவில் அந்த இடத்தில் சிறு பள்ளம் தோன்றுகிறது. சுற்றுக்கம்பிகள் சிறிய அரம் போன்றவை. அவற்றின் வரிவரியான மேற்பரப்பு நீளவாக்கில் உரசும்போது மெட்டை அராவுகிறது.

இரண்டாவது, தட்டையாதல். மின்கிதாரில் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஒலியை உயர்த்துவர். வீணையில் கமகத்துக்காகக் கம்பியை இழுப்பது போன்றதே இது. அப்பொழுது கம்பி மெட்டின் உச்சியின் மேல் குறுக்காக உரசிச் செல்கிறது. இதனால் வளைவான தொப்பி மெல்ல மெல்ல மேசையின் மேற்பரப்பைப் போல் தட்டையாகிவிடுகிறது.

எல்லா மெட்டுகளும் ஒன்றுபோல் தேய்வதில்லை. தொடக்கநிலை மாணவியர் வாசிக்கும் கார்டுகள் யாவும் முதல் மூன்று மெட்டுகளுக்குள் அடங்குவதால் அவர்களுடைய கிதாரில் அங்கேதான் பள்ளம் அதிகம் காணப்படும். தனியாக ராகம் போல் வாசிக்கும் கலைஞர்களின் கிதாரில் மேல் மெட்டுகள் தட்டையாகும். மெட்டைப் பார்த்தே அக்கருவியை வாசித்தவர் என்ன வாசித்தார் என்று தேர்ந்த தொழிலாளி கூறிவிடுவார். செருப்பின் அடியைப் பார்த்து நடையைச் சொல்வது போன்றதே இது!

அழுத்தமும் இதில் பங்கு பெறுகிறது. நடுத்தரத் தடிமன் கொண்ட ஆறு கம்பிகள் சேர்ந்து கிதாரின் கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 45 கிலோகிராம் எடைக்குச் சமம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் தொங்குவதற்கு ஒப்பாகும். இத்தகைய இழுவையில் உள்ள கம்பியைத் தேவைக்கு மேல் இறுக்கி அழுத்தினால் மெட்டும் விரலும் ஒருங்கே துன்புறும்.

காதுக்குத் தெரியும் அறிகுறிகள்

பள்ளம் விழுந்த மெட்டு, அடுத்துள்ள மெட்டைவிடத் தாழ்ந்துவிடுகிறது. எனவே அங்கே அழுத்திய கம்பி அதிரும்போது அடுத்த மெட்டின் தலையில் மோதி ‘ஜிர்ர்’ என்று இரைகிறது. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். மூன்று நான்கு முடியளவு பள்ளமே இந்த இரைச்சலுக்குப் போதுமானது.

தட்டையான மெட்டில் வேறொரு தொல்லை. கம்பி ஒரே கூர்மையான உச்சியில் நில்லாமல் அகன்ற மேட்டின் மேல் உரசிக்கொண்டே அதிர்கிறது. தம்புராவின் அகன்ற பிரிட்ஜின் மேல் கம்பி உரசுவதால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. அங்கே அது அழகு. சிறு நூலைச் செருகி அதனை வேண்டியே வரவழைக்கிறோம். கிதாரில் அது வேண்டாத இரைச்சல். மேலும் கம்பி மெட்டின் நடுவிலிருந்து அதிராமல் முன்விளிம்பிலிருந்து அதிர்வதால் அதிரும் நீளம் சிறிது குறைந்து சுருதி சற்றே உயர்கிறது. தனிச் சுரமாக வாசிக்கும்போது இது எளிதில் புலப்படாது. பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது “எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேரவில்லையே” என்ற சலிப்பை உண்டாக்கும்.

கற்கும் மாணவி இந்த இரைச்சலைக் கேட்டதும் என்ன செய்கிறாள்? தன் விரல் சரியாக அழுத்தவில்லை என்று எண்ணி இன்னும் வலுவாக அழுத்துகிறாள். விரல் நுனி சிவந்து வலிக்கிறது, மெட்டு மேலும் தேய்கிறது, இரைச்சல் மிகுகிறது. இறுதியில் தனக்கு இசை வராது என்று முடிவு செய்துவிடுகிறாள். ஆதலால் கற்பிப்போரும் பெற்றோரும் பிள்ளையைக் குறைகூறுமுன் மெட்டைப் பார்ப்பது நலம்.

சோதிக்கும் முறை

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. முதலில் கிதாரைச் சன்னலோரம் பிடித்து, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் மெட்டுகளை நோக்குங்கள். கம்பியைச் சற்று ஒதுக்கினால் அதன் அடியில் உள்ள பள்ளம் நிழலாகத் தெரியும். பின்பு நகத்தால் மெட்டின் மேல் தடவுங்கள். நகம் இடறினால் பள்ளம் ஆழமாக உள்ளது என்று பொருள்.

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எங்கு நோக்கினும் இரைச்சல் கேட்டால் அது மெட்டின் தேய்மானமாக இராது. கழுத்து வளைந்திருக்கலாம், அல்லது கம்பியின் உயரம் மிகத் தாழ்ந்திருக்கலாம். ஓரிரு இடங்களில் மட்டும் கேட்டால், நீங்கள் அழுத்தும் மெட்டு தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் அதற்கு அடுத்த மெட்டு மரத்திலிருந்து சற்று எழும்பியிருக்க வேண்டும். மூன்று மெட்டுகளின் மேல் மட்டும் படும்படி ஒரு சிறு உருக்கு அளவுகோலின் விளிம்பை நிறுத்திப் பாருங்கள். அது ஊஞ்சலைப் போல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்துள்ளது என்று அறியலாம்.

பழைய கிதாரை விலைக்கு வாங்கும் பெற்றோர் இந்தச் சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். வெளிப் பளபளப்பைவிட மெட்டின் உயரமே முக்கியமானது. பெயிண்ட் உரிந்த கிதார் இனிமையாகப் பாடும். மெட்டு தேய்ந்த கிதார் புதுப் பெயிண்டுடன் இருந்தாலும் பாடாது.

பழுதுபார்க்கும் முறை

தேய்மானம் குறைவாக இருந்தால் மெட்டுகளைச் சமன்செய்தாலே போதும். தொழிலாளி முதலில் கழுத்தை நேராக்குவார். கழுத்துக்குள் புதைந்திருக்கும் இரும்புக் கம்பி ஒன்று இதற்கு உதவுகிறது. கம்பிகளின் இழுவையை எதிர்த்துக் கழுத்தை நிமிர்த்தும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1923-இல் காப்புரிமை பெற்றார்.

பின்னர் எல்லா மெட்டுகளின் தலையிலும் மை தீட்டுவார். நேரான நீண்ட கட்டையில் உப்புத்தாளை ஒட்டி மெட்டுகளின் மேல் தேய்ப்பார். உயர்ந்த இடங்களில் மை அழியும்; தாழ்ந்த இடங்களில் அழியாது. எல்லா மெட்டிலும் மை அழியும் வரை தேய்த்தால் யாவும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இப்போது தலைகள் தட்டையாக இருக்குமாதலால், நடுவில் குழிந்த தனிவகை அரத்தால் மீண்டும் வளைவு கொடுப்பார். முடிவில் மெருகேற்றுவார். மிகவும் தாழ்ந்த மெட்டின் உயரத்துக்கு ஏனைய மெட்டுகள் குறைக்கப்படுவதால் இதனை ஒரு கிதாரின் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்வது அரிது.

அதற்கு மேலும் தேய்ந்தால் புது மெட்டுகள் இடவேண்டும். பழைய மெட்டைச் சூடாக்கி, அதனால் பிடிப்புத் தளர்ந்ததும், தட்டை முகம் கொண்ட குறட்டால் மெல்லத் தூக்குவர். அவசரப்பட்டால் மரம் சிதறும். பிறகு விரற்பலகையைச் செப்பனிட்டுப் புது மெட்டுக் கம்பியை அளவாக வெட்டி அடித்து இறக்குவர். இது பொறுமை மிக்க கைவினை. வீணைக்கு மெழுகை உருக்கி மேளம் வைக்கும் தஞ்சைக் கைவினைஞரின் பொறுமையே இதற்கும் தேவை.

லியோ ஃபெண்டரின் நான்கு திருகாணிகள்

தேய்மானத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே கூறவேண்டும். அவர் பெயர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி!

பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அவர் கிதாரை நோக்கினார். அதுவரை கழுத்தை உடலோடு பசையால் ஒட்டுவதே வழக்கம். 1950-இல் அவர் வெளியிட்ட கிதாரில் கழுத்தை நான்கு திருகாணிகளால் பூட்டினார். மேப்பிள் மரத்தாலான அந்தக் கழுத்திலேயே மெட்டுகளை நேரடியாகப் பதித்தார். மெட்டுகள் தேய்ந்தால் நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்தைப் பூட்டிக்கொள்ளலாம். அக்கிதார் 1951 முதல் டெலிகாஸ்டர் என்று அழைக்கப்படுகிறது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இரண்டும் இன்றளவும் செய்யப்படுகின்றன. தேய்வதைத் தடுக்க முடியாது. தேய்ந்ததை எளிதில் மாற்றும்படி செய்யலாம் என்பதே அவர் கண்ட வழி.

எவர்சில்வர் மெட்டுகள்

மெட்டையே கடினமாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அவ்வாறும் செய்தனர். 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்க்கர் ஃபிளை என்ற கிதாரில் துருவேறா எஃகினால், அதாவது நாம் எவர்சில்வர் என்று வழங்கும் உலோகத்தால் மெட்டுகள் அமைக்கப்பட்டன. கார்பன் இழைப் பலகையின் மேல் அவை ஒட்டப்பட்டிருந்தன. இப்போது பல நிறுவனங்கள் துருவேறா எஃகு மெட்டுகளைப் பயன்படுத்துகின்றன.

கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவையில் நிக்கல் சில்வர் மெட்டு ஏறக்குறைய 200 என்றால் துருவேறா எஃகு மெட்டு ஏறக்குறைய 300. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடினம் உடைய, பொன்னிறமான செம்புக் கலவை மெட்டுகளும் உண்டு. துருவேறா எஃகு நெடுநாள் உழைக்கும். கம்பியும் அதன் மேல் வழுக்கிச் செல்லும். ஆனால் அதனை வளைப்பதும் வெட்டுவதும் அராவுவதும் கடினம். தொழிலாளியின் குறடும் அரமும் விரைவில் மழுங்கும், கூலியும் கூடும். ஆகவே நாள்தோறும் பல மணி நேரம் வாசிப்பவருக்கு அது இலாபம். மாலையில் அரை மணி நேரம் பயிலும் மாணவிக்கு நிக்கல் சில்வரே பல ஆண்டுகளுக்குப் போதும்.

பிற உலோக உறுப்புகள்

மெட்டைப் போலவே பிற உறுப்புகளும் தேய்கின்றன. கம்பியை முறுக்கும் சாவிகளுக்குள் திருகுப் பல்லும் சிறு பற்சக்கரமும் உள்ளன. சாவியை 14 முதல் 18 முறை சுற்றினால்தான் கம்பி சுற்றிய தண்டு ஒரு முறை சுற்றும். அதனால்தான் நுண்ணிய அளவில் சுருதி சேர்க்க முடிகிறது. பற்கள் தேய்ந்தால் சாவி சற்றுத் தளர்வாக ஆடும். அப்போது சுருதியை மேலிருந்து கீழே இறக்காமல், கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினால் பற்கள் இறுகி நிற்கும்.

பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பிக்கும் சிறு உலோகத் தாங்கி உண்டு. உள்ளங்கை அங்கேயே படிவதால் வியர்வை இறங்கி அதன் நுண்ணிய திருகாணிகள் துருவேறி இறுகிவிடும். கிப்சன் நிறுவனம் 1954-இல் அறிமுகப்படுத்திய உயரம் மாற்றக்கூடிய பிரிட்ஜ் பல ஆண்டுகள் கம்பிகளின் அழுத்தத்தைத் தாங்கி நடுவில் சற்றுத் தாழ்ந்துபோவதுண்டு. ஆட்டும் கைப்பிடி உள்ள பிரிட்ஜ்கள் கத்தி முனை போன்ற விளிம்பின் மேல் நின்று ஆடுகின்றன. அவ்விளிம்பு மழுங்கினால் ஆட்டியபின் சுருதி பழைய நிலைக்குத் திரும்பாது.

பூச்சுகளிலும் வேறுபாடு உண்டு. குரோமியம் பூச்சு கடினமானது, நெடுநாள் பளபளக்கும். நிக்கல் பூச்சு காலப்போக்கில் மங்கும். தங்கப் பூச்சு காண்பதற்கு அழகு. ஆனால் மிக மெல்லியதாகவும் மென்மையாகவும் இருப்பதால் கைபட்ட இடமெல்லாம் முதலில் அதுவே போய்விடும்.

மின்சாரப் பகுதியில் முதலில் தளர்வது வயரைச் செருகும் ஜாக். 6.35 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இச்செருகி 19-ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் பிறந்தது. அங்கே பணியாற்றிய பெண்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் இதனைச் செருகியும் பிடுங்கியும் இணைப்புக் கொடுத்தனர். எத்தனை முறை செருகினாலும் உழைக்கும்படி செய்யப்பட்டதால்தான் கிதாருக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் வெளி மறை தளர்ந்து சுழன்றால் உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். ஆகவே தளர்ந்ததும் இறுக்கிவிடவேண்டும். தோள் வாரின் திருகாணி மரத்தில் தளர்ந்து ஆடினால், துளையில் மரப்பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, உலர்ந்தபின் திருகாணியை முடுக்கினால் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு கிதார்

அயர்லாந்து நாட்டின் இசைக்கலைஞர் ரோரி கல்லகர் 1948-இல் பிறந்தவர். 1963-இல், தம் பதினைந்தாம் வயதில், கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுன் விலைக்குப் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வாங்கினார். அது 1961-இல் செய்யப்பட்டது. 1995-இல் அவர் மறையும் வரை அதுவே அவருடைய முதன்மைக் கருவியாக விளங்கியது.

மேடைகளில் அவர் சிந்திய வியர்வையால் அதன் வண்ணப்பூச்சில் பெரும்பகுதி உரிந்து மரம் வெளியே தெரிந்தது. கழுத்தே வியர்வையை உறிஞ்சி வளைந்துவிட்டதாம். அதனைத் தூக்கி எறியாமல், கழற்றி நெடுநாள் ஓய்வில் வைத்து, மீண்டும் நேரானபின் பூட்டிக்கொண்டார். அங்கேதான் லியோ ஃபெண்டரின் திருகாணிகளின் அருமை தெரிகிறது! அதன் சாவிகள்கூட ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை அல்ல. பழுதானதற்கு மாற்றாகக் கிடைத்ததைப் பூட்டியுள்ளனர். அக்கிதார் 2024-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்குவதற்கென்றே வாங்கப்பட்டது. வண்ணம் போய், உறுப்புகள் பல மாறிய அக்கருவிக்கு அந்நாடு அளித்த மதிப்பைப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, கையைக் கழுவித் துடைத்தபின் கிதாரைத் தொடவேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளையும் பிரிட்ஜையும் துடைக்கவேண்டும். வியர்வையில் உள்ள உப்பே உலோகத்துக்குப் பகை. கடலோர ஊர்களில் காற்றிலும் உப்பும் ஈரமும் இருப்பதால் இது இன்னும் இன்றியமையாதது.

இரண்டாவதாக, துருவேறிய கம்பியை உடனே மாற்றவேண்டும். துருப்பிடித்த கம்பி உப்புத்தாளுக்கு ஒப்பாகும். ஒரு கட்டுக் கம்பியை மிச்சப்படுத்தப் போய், மெட்டு முழுவதையும் மாற்றும் செலவைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதனை ஒட்டினாற்போல் வைத்து அழுத்தவேண்டும். அவ்விடத்தில் மிகக் குறைந்த அழுத்தமே போதும். விரலும் வலிக்காது, மெட்டும் விரைவில் தேயாது. சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் காப்போ என்ற பிடியையும் தேவைக்கு மேல் இறுக்கலாகாது, வாசித்ததும் கழற்றிவிடவேண்டும்.

நான்காவதாக, மெட்டுகளை இரும்புப் பஞ்சால் துடைப்பவர் உண்டு. மின்கிதாரின் ஒலிவாங்கிகளில் காந்தம் உள்ளது. உதிரும் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். எனவே அவற்றைக் காகித டேப்பால் மூடிய பின்பே அதனைச் செய்யவேண்டும். விரற்பலகைக்குச் சமையலறை எண்ணெய் எதுவும் பூசவேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

கடைசியாக, கோடையில் சுடும் வண்டிக்குள்ளோ மழைக்காலத்தில் ஈரச்சுவரோரமோ கிதாரைச் சாய்த்து வைக்கலாகாது. மரம் உலர்ந்து சுருங்கினால் மெட்டுகளின் ஓரங்கள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். ஈரத்தில் ஊறினால் மரம் உப்பிக் கழுத்து வளையும். மெட்டின் பிடிப்பும் தளரும்.

முடிவுரை

தேய்மானம் உழைப்பின் அடையாளம். பெட்டிக்குள் பூட்டி வைத்த கிதாரின் மெட்டுகள் தேய்வதில்லை. ஆனால் அதிலிருந்து பாட்டும் பிறப்பதில்லை. நன்கு வாசிக்கப்பட்ட கருவி தேயத்தான் செய்யும். அவ்வாறு தேய்ந்ததை அறிந்து, உரிய காலத்தில் செப்பனிட்டு, நமக்குப் பின் கற்கவரும் தங்கையரின் கையில் நல்ல நிலையில் கொடுப்பதே நம் கடமை.

ஆதலால் தோழியரே, உங்கள் கிதார் இரைந்தால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். விரலை எடுத்துவிட்டு முதலில் மெட்டைப் பாருங்கள். பெற்றோர்களே, புதுக் கிதாருக்குப் பணம் தேடுமுன் பழைய கிதாரைத் திறமையான தொழிலாளியிடம் ஒருமுறை காட்டுங்கள். மூலையில் சாத்திவைத்த எத்தனையோ கிதார்கள் ஓர் அரத்துக்கும் சிறிது பொறுமைக்கும் காத்திருக்கின்றன.